கரு கலைந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை எழுதிவிடுகிறேன். வயது 29. முதல் கர்ப்பம். ஒன்பதாவது வாரத்து ஸ்கேனில், கரு ஏழு வார அளவோடு நின்றுவிட்டது, இதயத்துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். மாத்திரை கொடுத்தும் முழுதாக வெளியேறாததால் டி அண்ட் சி, அதாவது கருவி போட்டுக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். ஐந்து வாரம் கழித்து ஒரு மாதவிலக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் பொறுங்கள் என்கிறார் உங்கள் மருத்துவர். அடுத்த மாதமே முயலலாம் என்கிறார் தோழி பார்த்த மருத்துவர். ஆடி கழியட்டும் என்கிறார் மாமியார். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வந்ததையும் ஒரு கல்யாண வீட்டில் பப்பாளித் துண்டுகள் சாப்பிட்டதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆக, மாதக் கணக்கோடு சேர்த்து, 'என்னால்தான் போனதா, மறுபடியும் இப்படித்தான் ஆகுமா' என்றும் கேட்கிறீர்கள். காவிரிக் கரையோர ஊர் ஒன்றில் மகப்பேறு மருத்துவராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். முதல் கேள்வியோடு வருகிற பெண்கள் பெரும்பாலும் இரண்டாவதையும் கையோடு கொண்டுவருகிறார்கள். அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எனவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேனிலோ சோதனையிலோ உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 கலைந்துவிடுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள். அப்படிக் கலைபவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் வந்த பிழை. நம் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபுச் செய்தியைத் தாங்கும் 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டும். கருமுட்டை முதிர்ந்து பிரியும்போது ஒன்று கூடுதலாகப் போய்விட்டாலோ ஒன்று விடுபட்டுவிட்டாலோ, கரு சில வாரம் வளர்ந்து நின்றுவிடும். உதாரணமாக, 16-ஆம் குரோமோசோம் எல்லா அணுக்களிலும் மூன்றாக இருக்கும் கரு எந்தச் சூழ்நிலையிலும் குழந்தையாகப் பிறப்பதில்லை; ஆரம்பக் கருச்சிதைவுகளில் அடிக்கடி காணப்படும் பிழைகளில் அதுவும் ஒன்று. இது நடப்பது கரு உருவாகும் நேரத்தில், நாள் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால். உங்கள் கருவில் அந்தப் பிழைதான் இருந்தது என்று நான் சொல்ல முடியாது, ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் வயதையும் ஏழு வாரத்தில் நின்ற விதத்தையும் பார்த்தால், எந்த மகப்பேறு மருத்துவரும் முதலில் நினைப்பது அதைத்தான்.

தேதிகளையும் கொஞ்சம் பாருங்கள். ஒன்பதாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது கரு ஏழு வார அளவில் இருந்தது என்றால், வளர்ச்சி நின்று ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருந்தது. நீங்கள் சொல்லும் கல்யாணம் எட்டாவது வாரத்தில். நின்றுபோன பிறகு சாப்பிட்ட பப்பாளி அதை எப்படி நிறுத்தியிருக்கும்? பழுத்த பப்பாளியைப் பற்றி 2002-இல் எலிகளில் செய்த ஒரு சோதனை உண்டு. பழுத்த பழத்தால் கர்ப்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காயில் வடியும் பால்தான், உடலிலிருந்து எடுத்துவைத்த கர்ப்பப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. பப்பாளிக் காயைத் தவிர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழத்துண்டுகளுக்காக ஒரு பெண் வருடக்கணக்கில் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதில்தான் ஆட்சேபம். அன்னாசியும் எள்ளுருண்டையும் சாப்பாட்டில் சேர்க்கிற அளவில் கருவைக் கலைப்பதில்லை. ஸ்கூட்டர், வேகத்தடை, மாடிப்படி, தண்ணீர்க் குடம், தாம்பத்தியம் எல்லாமே அப்படித்தான். படுத்த படுக்கையாக ஓய்வெடுத்தால் கருச்சிதைவைத் தடுக்கலாம் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை; அந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இது. ஆகவே நீங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இனி மாதக் கணக்கு. அந்த 'ஆறு மாதம்' உங்கள் மருத்துவர் தாமாகச் சொன்னதில்லை. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, கரு கலைந்த பிறகு குறைந்தது ஆறு மாதம் இடைவெளி விடும்படி பரிந்துரைத்தது. அதற்குப் பெரிய ஆதாரமாக இருந்தது லத்தீன் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. அதில் தானாகக் கலைந்த கர்ப்பங்களும் வேண்டுமென்று கலைத்தவையும் பிரிக்கப்படாமல் ஒரே கணக்கில் இருந்தன. பாதுகாப்பில்லாத முறையில் கலைத்துக்கொண்டு கிருமித்தொற்றோடும் இரத்தசோகையோடும் வந்த பெண்ணுக்கும் உங்களுக்கும் ஒரே விதி சொல்லலாமா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

பிறகு வந்த ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தின. 2010-இல் ஸ்காட்லாந்தில், முதல் கர்ப்பம் கலைந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களுக்கு, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருந்தவர்களைவிட மீண்டும் கலைவது குறைவாகவே இருந்தது. 2016-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் முயற்சியைத் தொடங்கியவர்களில் 53 சதவீதத்தினருக்கும் அதற்குப் பிறகு தொடங்கியவர்களில் 36 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. 2022-இல் நார்வே, தேசியப் பதிவேடுகளில் இருந்து கருச்சிதைவுக்குப் பிந்தைய ஏறத்தாழ 49,000 பிரசவங்களைப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் கருத்தரித்தாலும் குறைப்பிரசவமோ எடைக்குறைவோ கூடவில்லை என்று சொன்னது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்த ஆய்வுகளில் யாரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, நீ உடனே முயற்சி செய், நீ காத்திரு என்று பெண்களைப் பிரிக்கவில்லை. சீக்கிரம் முயன்றவர்கள் இயல்பிலேயே ஆரோக்கியமானவர்களாக, எளிதில் கருத்தரிப்பவர்களாக இருந்திருக்கலாம். அதனால் 'சீக்கிரம் முயன்றால் நல்லது' என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 'சீக்கிரம் முயல்வதால் கெடுதல் இல்லை' என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். கர்ப்பப்பை 'ஆறட்டும்', 'பலம் பெறட்டும்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. ஏழு வாரக் கரு போன கர்ப்பப்பை ஆறுவதற்கு ஆறு மாதம் தேவைப்படுவதில்லை. அதன் உள்சவ்வு ஒவ்வொரு மாதவிலக்கிலும் உதிர்ந்து புதிதாக வளர்வதுதான்.

ஒரு மாதவிலக்காவது வரட்டும் என்று சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் அது நாள் கணக்கு வைப்பதற்காகத்தான். கரு வெளியேறி இரண்டு வாரத்திலேயேகூட அடுத்த கருமுட்டை வெளிவரலாம். மாதவிலக்கே வராமல் கருத்தரித்தால், எத்தனை வாரம் என்பதில் குழப்பம் வரும், முதல் ஸ்கேனில் 'கரு சின்னதாக இருக்கிறது' என்று சொல்லி உங்களை மறுபடி கலங்கடிப்பார்கள். இன்னொன்று, கர்ப்ப ஹார்மோனான ஹெச்.சி.ஜி. இரத்தத்திலிருந்து முழுவதும் மறையச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் சிறுநீர்ச் சோதனை செய்தால் பழைய கர்ப்பத்தின் மிச்சமே இரண்டு கோடு காட்டிவிடும். உங்களுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது, அதனால் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: இரத்தப்போக்கு நிற்கும்வரை தாம்பத்தியத்தைத் தள்ளிவையுங்கள், கிருமித்தொற்றைத் தவிர்ப்பதற்காக. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால், மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே தடுப்பு முறையைத் தொடங்குங்கள்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். நீங்கள் எழுதிய விவரங்கள் முழுமையானவை என்றால், இருவருக்கும் மனம் இருக்கும்பட்சத்தில் இந்த மாதமே முயலலாம். சும்மா காத்திருப்பது எந்த நோயையும் தீர்ப்பதில்லை. காத்திருக்கச் சொன்னால், அந்த மாதங்களில் செய்துமுடிக்க ஒரு வேலை இருக்க வேண்டும். உங்கள் மருத்துவரிடம் திரும்பப் போய், 'எனக்கு ஆறு மாதம் என்று சொன்னதற்குக் குறிப்பாக ஏதாவது காரணம் இருக்கிறதா, மேடம்?' என்று கேளுங்கள். அவர் உங்கள் கேஸ் ஷீட்டைப் பார்த்தவர், நான் பார்க்காதவன். பொதுவாகச் சொன்னேன் என்று பதில் வந்தால் உங்களுக்கு வழி திறந்திருக்கிறது. காரணம் ஒன்றைச் சொன்னால் அந்தக் காரணத்தைக் கவனியுங்கள்.

உண்மையாகவே காத்திருக்க வைக்கும் காரணங்கள் சில உண்டு. அவற்றில் முக்கியமானது முத்துப்பிள்ளைக் கர்ப்பம். கருவுக்குப் பதிலாக நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல வளர்ந்துவிடும் நிலை அது. ஸ்கேனில் சில சமயம் சாதாரணக் கருச்சிதைவு போலவே தெரியும். டி அண்ட் சி-யில் எடுத்த திசுவை நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பார்த்த பிறகுதான் தெரியவரும். முத்துப்பிள்ளை என்றால் ஹெச்.சி.ஜி. அளவு இறங்கி முழுவதும் மறைகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும், பொதுவாக ஆறு மாதம் வரை கர்ப்பம் தவிர்க்கச் சொல்வோம். இடையில் புதிய கர்ப்பம் வந்தால் அந்த ஹார்மோனும் ஏறும். அரிதாகப் புற்றுநோயாக மாறும் மிச்சத் திசுவைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். டி அண்ட் சி முடிந்ததும் உங்கள் கணவர் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து லேபில் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்கினீர்களா? டப்பாவைக் கொடுத்த அன்றோடு அந்த ரிப்போர்ட்டை மறந்துவிடுகிற குடும்பங்கள் நிறைய. வீட்டு ஃபைலில் எல்லா ஸ்கேன் படங்களும் இருக்கும், இந்த ஒரு தாள் மட்டும் இருக்காது. முதல் வேலையாக அதைத் தேடி எடுங்கள்.

அந்த டப்பாவைப் பற்றி இன்னொன்று. அதில் திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் என்ற திரவத்தை ஊற்றியிருப்பார்கள். முத்துப்பிள்ளையா என்று பார்க்க அது போதும். குரோமோசோம் சோதனைக்கு அது உதவாது. அதற்குத் திசுவைக் கிருமி நீக்கிய உப்புநீரில் வைத்து உடனே அனுப்ப வேண்டும். ஒருமுறை கலைந்தவர்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனால் இரண்டாவது முறையும் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால், சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே இதைப் பேசிவிட வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை.

வேறு காரணங்கள்: கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கி, அதற்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பது. சுத்தம் செய்த பிறகு காய்ச்சலோ துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால் தொற்று முழுதாகத் தீர வேண்டும். டி அண்ட் சி-க்குப் பிறகு மாதவிலக்கு வராமலே போனாலோ, முன்பு நான்கு நாள் வந்தது இப்போது வெறும் கறையாக வந்தாலோ, உள்ளே சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஹிஸ்டிரோஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்துப் பிரித்துவிட முடியும். உங்களுக்கு மாதவிலக்கு வந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எப்படி வந்தது என்று எழுதவில்லை. பழையபடி வந்திருந்தால் கவலை வேண்டாம்.

உங்கள் இரத்தப் பிரிவு நெகட்டிவ் ஆகவும் கணவருடையது பாசிட்டிவ் ஆகவும் இருந்தால், டி அண்ட் சி முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (அடுத்த குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுப்பது) போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு முன் தானாகவே முழுதாகக் கலைந்துவிட்டால் இந்த ஊசி தேவையா என்பதில் வழிகாட்டுதல்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. கருவி போட்டுச் சுத்தம் செய்தவர்களுக்குப் போட்டுவிடுவதே எங்கள் பக்கத்து நடைமுறை.

இந்த இடைவெளியில் பார்க்க வேண்டிய சோதனைகள் அதிகம் இல்லை, விலையும் அதிகம் இல்லை. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. நம் ஊரில் முப்பதைத் தொடுவதற்குள் சர்க்கரை வந்துவிடுவதும் அது தெரியாமலே இருப்பதும் சாதாரணமாகிவிட்டது. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை கருவைக் கலைக்கும், கலையாவிட்டால் குழந்தையின் உறுப்புகளில் குறை வைக்கும். இது சந்தேகத்துக்கு இடமில்லாதது. 'மூன்று மாத சர்க்கரை' என்று எல்லாரும் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.5-க்குக் கீழே வந்த பிறகு முயல்வது நல்லது. இங்கே மூன்று மாதக் காத்திருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. தைராய்டுக்குத் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், தைராய்டு சோதனையில் வரும் டி.எஸ்.ஹெச். அளவு 2.5-க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், கர்ப்பம் உறுதியான வாரமே மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் மட்டும் இருந்து டி.எஸ்.ஹெச். சரியாக இருப்பவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் கருச்சிதைவு குறையும் என்று முன்பு நம்பினோம். 2019-இல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்வு அதை இல்லை என்று காட்டிவிட்டது.

ஃபோலிக் அமிலம் இன்றே தொடங்குங்கள். தினமும் 400 மைக்ரோகிராம் போதும். நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, அது பத்து மடங்குக்கும் மேல். சர்க்கரை நோயாளிகள், வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள், தண்டுவடக் குறையோடு குழந்தை பெற்றவர்கள் ஆகியோருக்குத்தான் 5 மில்லிகிராம் தேவை. மற்றவர் சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டியதில்லை, ஆனால் சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைபாட்டை அது மறைத்துவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த மாத்திரை குழந்தையின் தண்டுவடத்தையும் மூளையையும் காப்பது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள். கர்ப்பத்தில் வந்தால் கருவைப் பாதிக்கும் ரூபெல்லா அம்மைக்கான தடுப்பூசியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2017-இல் தமிழ்நாட்டில் பள்ளிகளில் நடந்த முகாமில் 15 வயது வரையுள்ளவர்களுக்குத்தான் போட்டார்கள், உங்கள் வயதினர் அதில் விடுபட்டவர்கள். சிறுவயதில் போட்டதற்குப் பதிவு இல்லையென்றால் இப்போது போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து முயலுங்கள்.

'மறுபடியும் ஆகுமா' என்பதற்கு வருகிறேன். நார்வேயில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து 2019-இல் வெளியான கணக்குப்படி, 25 முதல் 29 வயதில் கரு கலையும் வாய்ப்பு நூற்றுக்கு 10 தான், எல்லா வயதிலும் குறைந்தது அதுவே. 45-ஐத் தாண்டினால் 53. முன்பு ஒருமுறை கலைந்திருந்தால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, இரண்டு முறை என்றால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மூன்று முறை என்றால் நான்கு மடங்கு. நம் ஊர்ப் பெண்களின் உடல்நிலை வேறு, எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். அப்படியே இருந்தாலும் உங்கள் நிலையில் உள்ள நூறு பேரில் 80-க்குக் குறையாதவர்களுக்கு அடுத்த கர்ப்பம் தங்கும் என்றே நான் சொல்வேன். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் இங்கே உடனே பயப்படுவார்கள். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தால் குழந்தைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுவது உண்மை. ஆனால் முதல் மூன்று மாதத்தில் கரு கலைவது அதனால் கூடுகிறது என்று தெளிவாக நிரூபணமாகவில்லை.

ஒருமுறை கலைந்ததற்குப் பெரிய பரிசோதனைகள் தேவையில்லை. இரண்டு முறை என்றால் ஐரோப்பிய வழிகாட்டுதல் தேடத் தொடங்கச் சொல்கிறது, பிரிட்டன் மூன்று வரை பொறுக்கிறது. நான் இரண்டிலேயே தொடங்கிவிடுவேன். அப்போது பார்க்க வேண்டியவை: இரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ஆன்டி-பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள், அவை இருந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும், கர்ப்பப்பையின் வடிவம், தைராய்டு, தேவைப்பட்டால் கணவன் மனைவி இருவரின் குரோமோசோம். அந்த எதிர்ப்பொருள் உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்போம். நான்காம், ஐந்தாம் மாதத்தில் வலியில்லாமல் நழுவிப்போயிருந்தால் அது வேறு கதை, கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கலாம், தையல் போடலாம்; அந்தத் தையலை 1950-களில் உலகுக்குச் சொன்னவர் பம்பாய் மருத்துவர் ஷிரோட்கர். உங்களுக்கு அது பொருந்தாது.

கோபத்தோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கருச்சிதைவுக்கே 'டார்ச்' டெஸ்ட் (ரூபெல்லா போன்ற சில தொற்றுகளுக்கான இரத்தச் சோதனை) எழுதித் தருவதும், அதில் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்ததும் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் இன்னும் நடக்கிறது. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் அந்தக் கிருமி எப்போதோ வந்து போயிருக்கிறது, உடல் அதற்கு எதிர்ப்பைச் சேர்த்துவைத்திருக்கிறது என்று அர்த்தம். ரூபெல்லாவுக்கு அது பாசிட்டிவாக இருப்பதுதான் நல்லது. அதேபோல, சோதனை எதுவும் செய்யாமல் எல்லாருக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவதற்கும் ஆதாரம் இல்லை. பரம்பரையாக இரத்தம் உறையும் தன்மை இருந்து திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களுக்குக்கூட அது பலன் தரவில்லை என்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் பற்றித்தான் நியாயமான வாதம் இருக்கிறது. காரணம் தெரியாமல் மூன்று முறையோ அதற்கு மேலோ கலைந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆனால் 2019-இல் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், முன்பு கரு கலைந்து, இந்தக் கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே இரத்தம் பட்டவர்களுக்குக் கொஞ்சம் உதவியது போலத் தெரிந்தது. அதை வைத்து 2021 முதல் பிரிட்டன் வழிகாட்டுதலில் அந்தக் குறிப்பிட்ட பெண்களுக்கு மட்டும் 400 மில்லிகிராம், தினம் இருமுறை, பிறப்புறுப்பில் வைக்கச் சொல்கிறார்கள். நானும் அவர்களுக்குக் கொடுக்கிறேன். இரத்தமே படாமல் ஒருவர் பயத்துக்காகக் கேட்டால், பலன் நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விடுகிறேன்.

கணவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. விந்தணு உருவாக ஏறத்தாழ 70 நாள் ஆகும், ஆகவே இன்று அவர் புகையையும் மதுவையும் நிறுத்தினால் அதன் பலன் இரண்டரை மாதத்தில் தெரியும். அதுவரை முயலக்கூடாது என்று பொருள் இல்லை. கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கருத்தரிக்கும் நாட்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதும். கைப்பேசியில் செயலியைப் பார்த்து நாள் குறித்து, மற்ற நாட்களில் முகம் பார்க்காமல் இருக்க வேண்டாம். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று அந்தக் காலத்தில் பயந்தார்கள். மின்விசிறி இல்லாத வீட்டில், மருத்துவமனை தூரத்தில் இருந்த நாளில் அது புரிந்துகொள்ளக்கூடிய பயம். இன்று அதற்காக ஒரு மாதத்தை விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் குடும்பத்து நல்லுறவைப் பொறுத்தது, மருத்துவத்துக்கு அதில் வேலை இல்லை.

உடல் தயாராகிவிட்டது என்பதற்காக மனமும் தயாராகியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. லண்டன் மருத்துவமனைகளில் ஆரம்பத்திலேயே கர்ப்பத்தை இழந்த பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2020-இல் எழுதினார்கள்: ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பேருக்கும், ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கும் விபத்தில் தப்பியவர்களுக்கு வருவதுபோன்ற மன அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. தூக்கம் வராமல், ஸ்கேன் அறையின் வாசலைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது என்றால் அதற்காகக் காத்திருப்பது சரியான காரணம்தான், சும்மா காத்திருக்காமல் யாரிடமாவது பேசுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு, சட்டப்படி கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ.-யிலும் உண்டு. உங்களுக்கு அது தெரியாமல் மூன்றாம் நாளே ஸ்கூட்டரை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போய் நெய்ப் பிரசாதம் வாங்கி வருகிறார்கள். கலைந்துபோன கருவை அம்பாள் குடத்தில் வைத்துக் காத்துக் கொடுத்தாள் என்பது தலபுராணம். போய்வாருங்கள், மனதுக்குத் தெம்பு என்றால் நல்லதுதான். அங்கே தரும் விளக்கெண்ணெய் நிறைமாதத்தில் வயிற்றில் தடவுவதற்கு, குடித்துவிடாதீர்கள்.

நாள் தள்ளிப்போய்ச் சோதனையில் இரண்டு கோடு வந்தால், கடைசி மாதவிலக்குத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு ஏழாவது வாரம் முடியும் தறுவாயில் ஸ்கேனுக்குப் போங்கள். ஐந்தாவது வாரத்திலேயே ஓடினால் வெறும் பையை மட்டும் பார்த்துவிட்டு இன்னும் பத்து நாள் தூக்கம் கெட்டுத் திரிய வேண்டிவரும். இரத்தம் லேசாகப் பட்டால் உடனே கலைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு போக்கு, ஒரு பக்க அடிவயிற்றில் கடுமையான வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். யாருக்கு எப்போது சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதில் மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. போன முறை இரத்தம் பட்ட இரவில் யாரைக் கூப்பிட்டீர்களோ, அவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு உங்கள் இஷ்டம்.